நாலு மணிப் பாட்டு

எங்கள் மருத்துவமனையின் சலவைப் பிரிவு அடித்தளத்தில் இருக்கிறது. மேலே ஆறு மாடிகளிலும் நோயாளிகள் படுத்த விரிப்புகள், போர்த்திய போர்வைகள், உடுத்திய கவுன்கள் எல்லாம் சக்கர வண்டிகளில் எங்களிடம் இறங்கி வரும். துவைத்து, உலர்த்தி, சூடான உருளையில் விட்டுத் தேய்த்து, மடித்து மேலே அனுப்புவோம். ஓரத்தில் இருக்கும் மெஷினில் கிழிசல் தைப்பவள் நான். அதனால் அங்கே என் பெயரே 'தையல்' என்றாகிவிட்டது.

உருளை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் 'மேஸ்திரி' என்பார்கள். பெண்ணுக்கு இப்படி ஒரு பட்டமா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவளோடு ஒரு மணி நேரம் வேலை பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். ஈர விரிப்பின் மூலைகளை ஆளுக்கொன்றாக இரண்டு பேர் இழுத்துப் பிடித்து உருளைக்குள் நேராக விட வேண்டும். கொஞ்சம் கோணினாலும் அந்தப் பக்கம் சுருக்கத்தோடு வரும். மேஸ்திரி விட்டால் கோணாது. "பெட்ஷீட்டுக்கு வாய் இருந்தா உன்னைக் கெட்ட வார்த்தையில திட்டும்டி" என்று எதிரில் நிற்பவளைச் சீண்டிக்கொண்டே நாள் முழுக்க நிற்பாள்.

நாற்பத்து நான்காவது வயதில் அவள் முதுகு போய்விட்டது. ஈரத்துணி மூட்டையைத் தூக்கியவள் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். எங்கள் மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆறு வாரத்துக்கு என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வேலைக்குத் திரும்பியபோது மதியத்துக்கு மேல் முதுகு கடுக்கும் என்பதால், நாலு மணிக்கு டீ இடைவேளையில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வாள். அந்த நேரத்துக்குத்தான் அலமாரி மேல் இருந்த ரேடியோவில் பழைய பாட்டு நிகழ்ச்சி தொடங்கும். ஒவ்வொரு நாளும் அதன் முதல் பாட்டு ஒன்றேதான். படகில் போவதுபோல் மெதுவாக ஆடிக்கொண்டே போகும் பாட்டு. மேஸ்திரி டீயைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "அப்பாடா" என்பாள். வலி விட்டதில் சொல்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஆறு வாரம் இரண்டு வருஷமானது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலானது. ஒரு டாக்டர் எழுத மறுத்தால் இன்னொரு டாக்டரிடம் போனாள்.

துவைக்கப் போடுமுன் கவுன் பைகளைத் துழாவிப் பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. பேனா, மூக்குக்கண்ணாடி, சீட்டு, சில சமயம் மோதிரம் என்று எது கிடைத்தாலும் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். ஒரு முறை பல் செட் ஒன்று கிடைத்தது. "மாடி மாடியா போய் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லலாமா?" என்று மேஸ்திரி கேட்டதற்கு அன்றைக்குப் பூரா சிரித்தோம். மாத்திரைகளும் கிடைக்கும். ஒரு நாள் ஒரு கவுன் பையிலிருந்து அவள் ஒரு மாத்திரை அட்டையை எடுப்பதைப் பார்த்தேன். அது அலுவலகத் தட்டுக்குப் போகவில்லை. அவள் இடுப்புக்குப் போனது. நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். நான் ஊசியைப் பார்த்தேன். பதினாறு வருஷப் பழக்கம். காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. அது நல்லதனம் என்று அப்போது நினைத்தேன்.

அவளுடைய மகளுக்குத்தான் முதலில் பிடிபட்டது. கல்லூரியில் படிக்கிற பெண். வீட்டில் குடையை விரித்தபோது மடிப்பிலிருந்து மூன்று அட்டைகள் விழுந்தனவாம். "அம்மா, நீ பேசிட்டிருக்கும்போதே தூங்கிடறே. உனக்கே தெரியலையா?" என்று கேட்டிருக்கிறாள். மேஸ்திரி கத்தித் தீர்த்துவிட்டாள். அதற்குப் பிறகு மகள் அம்மாவோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் உருளை இயந்திரம் மேஸ்திரியின் சட்டைக்கையைக் கவ்வியது. நின்றுகொண்டே கண் செருகியிருந்தாள். நான் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தேன். முன்கையில் பட்டையாக ஒரு சூட்டுக் காயம், அதோடு போயிற்று. முதலுதவி அறையில் டாக்டர் கண் பாப்பாவைப் பார்த்தார், என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார். "ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். இந்த முறை பார்த்துக்கொள்ள என் கையில் ஊசி இல்லை. சொல்லிவிட்டேன். பைகளிலிருந்து எடுத்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

"நல்லா இருடி" என்றாள் மேஸ்திரி. அதை வாழ்த்தாகச் சொல்லவில்லை.

சலவைப் பிரிவின் மேலாளர் கோபக்காரர்தான், ஆனால் கல்நெஞ்சர் அல்ல. எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். சிகிச்சை முடித்து வந்தால் வேலை இருக்கும், பைகளைத் துழாவும் வேலை மட்டும் அவளுக்குக் கிடையாது என்றார். ஊர்க்கோடியில் இருந்த மறுவாழ்வு மையத்தில் மேஸ்திரியைச் சேர்த்தார்கள். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல், டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்தார். அப்படியும் முதல் பத்து நாள் கொட்டாவி, வியர்வை, வயிற்றுப்போக்கு, மயிர்க்கூச்செறிப்பு எல்லாம் வந்து போயின. அதன் பிறகு அவளைக் காலை வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

"பள்ளிக்கூடத்துல நான் கடைசி பெஞ்சு. இங்கேயும் நேரா கடைசி நாற்காலிக்குத்தான் போனேன்" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

வகுப்பெடுத்தவர் ஒல்லியான ஓர் ஆலோசகர் அம்மா. விரலெல்லாம் மார்க்கர் பேனாக் கறை. நீ தப்பு செய்தாய் என்று முதல் நாளிலிருந்தே பாடம் நடத்துவார் என்று மேஸ்திரி எதிர்பார்த்துப் போயிருந்தாள். அவரோ வெள்ளைப் பலகையில் ஒரு மணியை வரைந்தார்.

"உடம்புல வலியைச் சொல்ற மணி இது. மாத்திரை என்ன பண்ணுது? மணியைச் சுத்தித் துணியைக் கட்டுது. சத்தம் குறையுது. ஆறு வாரம்னா பரவாயில்லை. ரெண்டு வருஷம் கட்டியே வச்சிருந்தா, மூளை சும்மா இருக்குமா? சத்தமே கேக்கலையேன்னு இன்னும் பெரிய மணியா மாட்டிடும். அதனால இப்ப உங்களுக்கு வர்ற வலியில பாதி முதுகோடது. பாதி மாத்திரை உண்டாக்கினது."

மேஸ்திரி கடைசி நாற்காலியிலிருந்து கேட்டாளாம்: "அப்ப நான் பொய் சொல்லலையா? நிஜமாவே வலிச்சுதா?"

"நிஜமாவே வலிச்சுது."

அன்று அழுதேன் என்றாள். இரண்டு வருஷமாக யாருமே அவளிடம் அதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில் குடும்பத்தாருக்கு வகுப்பு. மகள் வரமாட்டேன் என்றுவிட்டாள். மேஸ்திரியின் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவர் எனக்கு போன் பண்ணினார். "தங்கச்சி, நீங்க வாங்களேன். எனக்கு அங்க தனியா உட்கார ஒரு மாதிரியா இருக்கு" என்றார். போனேன்.

அங்கே வேன்காரர் மனதில் இருந்ததைப் போட்டு உடைத்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. விடணும்னு மனசு வச்சா விட முடியாதா? நான் சிகரெட்டை ஒரே நாள்ல விட்டேன்."

ஆலோசகர் கோபப்படவில்லை. "எல்லாரும் மூச்சைப் பிடிங்க" என்றார். பிடித்தோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருபது விநாடி, முப்பது, நாற்பது. வேன்காரர் முகம் சிவந்து, பிடிவாதமாக உட்கார்ந்திருந்து, கடைசியில் 'புஸ்' என்று விட்டார்.

"ஏன் விட்டீங்க? மனசு வைக்கலையா?"

"வச்சேன்மா. உடம்பு கேக்கலையே."

"உங்க மனைவியோட உடம்பு இந்த மாத்திரையைக் காத்து மாதிரி ஆக்கிக்கிச்சு. மனசு வேணும்தான். ஆனா மனசை மட்டும் நம்பி விட்டா, நாற்பது விநாடிதான் தாங்கும். அதுக்கப்புறத்துக்குக் கையில ஏதாவது வேணும். அதைத்தான் இங்க கத்துக்கறாங்க."

அதே வகுப்பில் இன்னொன்றும் சொன்னார். விட்ட பிறகு உடம்பு பழைய அளவை மறந்துவிடும். முன்பு சாதாரணமாகப் போட்ட நாலு மாத்திரையை இப்போது போட்டால் மூச்சே நின்றுபோகலாம். "இதை மட்டும் பயமுறுத்துறதுக்காகவே சொல்றேன்" என்றார். வேன்காரர் வேனின் கணக்கு நோட்டைப் பிரித்து அதை எழுதிக்கொண்டார்.

வாரத்தில் இரண்டு நாள் இசை வகுப்பு. நடத்தியவர் இசையை வைத்துச் சிகிச்சை செய்யப் படித்தவர். பருத்த மனிதர், ஓயாமல் தும்முவார், கையில் கிதார். மேஸ்திரி அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். "சார், எனக்குக் குரல் கிடையாது. நான் பாடினா என் மாமியார் ஜன்னலைச் சாத்துவாங்க."

"இங்க ஜன்னல் பெரிசும்மா, சாத்த முடியாது" என்றாராம் அவர்.

மூன்றாவது வகுப்பில், யாரோ கேட்டார்கள் என்று ஒரு பழைய பாட்டை வாசிக்கத் தொடங்கினார். அது அந்த நாலு மணிப் பாட்டு. இரண்டாவது வரி வருவதற்குள் மேஸ்திரிக்கு வியர்த்தது, வாயில் எச்சில் ஊறியது. முதுகில் வைத்த தையல் பிரிகிறதுபோல் வலி கிளம்பியது. எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது மணி காலை பதினொன்று.

ஆலோசகரும் கிதார்காரரும் வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்கள்.

"முதுகுல டிஸ்க் மறுபடி நகர்ந்துடுச்சு. படம் எடுக்கச் சொல்லுங்க" என்றாள் மேஸ்திரி.

"எடுக்கலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பாட்டை வழக்கமா எங்க கேப்பீங்க?" என்றார் ஆலோசகர்.

சொன்னாள். ரேடியோ, டீ, மாத்திரை, அப்பாடா. சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் பாட்டும் மாத்திரையும் சேர்ந்தே வந்திருக்கின்றன. பாட்டு கேட்டதும் மாத்திரை எங்கே என்று மூளை கேட்கிறது. கேட்பதற்கு அது எடுத்துக்கொள்ளும் வழி வலி.

"ரெண்டு பெட்ஷீட்டைச் சேர்த்து வச்சுத் தைச்ச மாதிரி" என்றாள்.

"அதேதான்" என்றார் கிதார்காரர். "பிரிக்கலாம். ஆனா இழுத்தா கிழிஞ்சிடும். அந்தப் பாட்டை இப்போதைக்கு விட்டுடுவோம்."

அவர் அவளுக்குச் செய்து கொடுத்தது ஐந்து பாட்டுகளின் வரிசை. ஆசை என்பது அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும்; பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து நிமிஷம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதுதான் ஐந்து பாட்டின் நீளம். முதல் பாட்டு படபடவென்று போவது. ஏனென்றால் அந்த நேரத்தில் நெஞ்சு அப்படித்தான் அடிக்கும். அப்போது தாலாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வரும். அடுத்தது அதைவிடக் கொஞ்சம் நிதானம். ஐந்தாவது, ஒரு வரிக்கு ஒரு மூச்சு விடலாம் என்கிற அளவுக்கு மெதுவானது. கேட்டுக்கொண்டு சும்மா உட்காரக் கூடாது. உள்ளங்கையால் மேசையில் தாளம் போட வேண்டும். பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தவள் அவளேதான். "முதல் பாட்டு என் மாமியாருக்குச் சமர்ப்பணம்" என்றாளாம், அவ்வளவு வேகமாக அடித்தாள்.

நாலு வாரம் கழித்து, அவளே கேட்ட பிறகு, ஆலோசகரின் அறையில் கிதார்காரர் அந்தப் பழைய பாட்டை வாசித்தார். பகலில் ஒரு நாள், கதவைத் திறந்து வைத்து, கையில் வெறும் தண்ணீரோடு. முதல் தடவை பாதியில் நிறுத்தச் சொன்னாள். இரண்டாவது தடவை முழுக்கக் கேட்டுவிட்டு, ஐந்து பாட்டையும் போட்டுக்கொண்டாள். ஒன்பது தடவை கேட்டாள். "முழுசா போகலை தையல்" என்று என்னிடம் சொன்னாள். "ஆனா முதுகு இப்ப கத்தறதில்லை. முனகுது. முனகினா முனகட்டும்."

அவள் வேலைக்குத் திரும்பிய நாளில் அலமாரி மேல் ரேடியோ இல்லை. நாங்கள்தான் பேசி வைத்து ஒளித்திருந்தோம்.

"அது எங்கே?" என்றாள்.

மடிக்கிற பெண்ணொருத்தி, "ரிப்பேருக்குப் போயிருக்கு அக்கா" என்றாள்.

"ரிப்பேருக்குப் போயிட்டு வந்தது நான்டி" என்றாள் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தோம். பிறகு உட்கார்ந்து, என்ன நடந்தது, மையத்தில் என்ன படித்தாள் என்று மணியிலிருந்து அலைவரை சொன்னாள். பைகளில் எடுத்ததையும் தன் வாயாலேயே சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி மட்டும் அன்று முழுக்க முகம் வெளுத்திருந்தாள். மறுவாரம் அவள் மேஸ்திரியிடம் தன் கணவனைப் பற்றித் தனியாகப் பேசினாள். ரேடியோ திரும்பி வந்தது. ஆனால் மேஸ்திரி தன் டீயை மூன்றரைக்கு மாற்றிக்கொண்டாள். நாலு மணிக்கு அவள் உருளையில்தான் நிற்பாள். அந்தச் சத்தத்தில் பாட்டு அரைகுறையாகத்தான் கேட்கும்.

ஐந்தாவது மாதம் சறுக்கியது. வண்டியிலிருந்து ஒரு கவுன் நழுவி அவள் காலடியில் விழுந்தது. எடுத்து உதறியபோது காகிதத்தில் மடித்த மாத்திரைகள் விழுந்தன. அதே மாத்திரை, நாலு. உடை மாற்றும் அறைக்குப் போனாள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து நேராக என் மெஷினுக்கு எதிரில் நின்றாள்.

"ஒண்ணு முழுங்கிட்டேன்."

நான் மெஷினை நிறுத்தினேன். "ஒண்ணா? நிஜமா ஒண்ணா?"

"நாலும் கையிலதான் இருந்தது. பழைய அளவு போட்டா மூச்சு நின்னுடும்னு அந்தம்மா சொன்னது மண்டைக்குள்ள கத்துச்சு. ஒண்ணோட நிறுத்திட்டேன். மிச்சம் இந்தா." காகிதத்தை என் மேசையில் வைத்தாள். "இந்தத் தடவை நீ பார்க்கலை. நானா சொல்றேன்."

நானும் அவளும் மேலாளரிடம் போனோம். முதலுதவி அறையில் சாயங்காலம்வரை அவளைப் படுக்க வைத்துக் கவனித்தார்கள். அங்கிருந்தே மையத்துக்கு போன் பண்ணினாள். எல்லாம் பாழாய்ப் போச்சே என்று அழுதவளிடம் ஆலோசகர் கேட்டாராம்: "முன்னாடி ஒண்ணு போட்டா எத்தனை நாள் மறைப்பீங்க?" "மாசக்கணக்கா." "இன்னிக்கு?" "பத்து நிமிஷம்." "அப்ப எதுவும் பாழாகலை. நாளைக்கு வாங்க" என்றார். மேலாளர் மறுநாளே துணி இறங்கும் வாசலிலேயே பைகளைச் சோதிக்க ஏற்பாடு செய்தார். பூட்டு போட்ட பெட்டி ஒன்றும் வைத்தார். எங்களுக்கு அது முன்னமே தோன்றியிருக்க வேண்டும்.

அன்றைக்கு வீட்டில் நடந்ததையும் மேஸ்திரியே சொன்னாள். நடந்ததை மகளிடம் ஒளிக்காமல் சொன்னாளாம். மகள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "சனிக்கிழமை எத்தனை மணிக்கு வகுப்பு?" என்று கேட்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்து மேஸ்திரிக்குப் பித்தப்பையில் கல் வந்தது. அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்றார்கள். எங்கள் எல்லோருக்கும் ஒரே கவலை. அறுவைக்குப் பிறகு மாத்திரை கொடுப்பார்களே! கவலைப்படாதவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்தேன், அதுவும் தப்பு. "பயம்தான். ஆனா இந்தப் பயத்துக்கு முகம் தெரியும்" என்றாள்.

மயக்க மருந்து டாக்டர் வழக்கம்போல், "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்று கேட்டார். மகளும் கணவரும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மேஸ்திரி நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு வலி மாத்திரை அடிமைப் பழக்கம் இருந்தது டாக்டர். விட்டு ரெண்டு வருஷமாச்சு, நடுவுல ஒரு தடவை சறுக்கினேன். வலியே தெரியக் கூடாதுன்னு கேக்கலை. தாங்கற மாதிரி பண்ணிக்கொடுங்க. வீட்டுக்கு அந்த மாத்திரை வேண்டாம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கால் மணி நேரம் பேசித் திட்டம் போட்டார்கள். வெட்டுகிற இடத்தையே மரத்துப்போக வைக்கும் ஊசி. கட்டாயம் தேவைப்பட்டால் மட்டும் வார்டில் நர்ஸ் கையால் கடுமையான மருந்து. வீட்டுக்குச் சாதாரண மாத்திரை மட்டும், அதுவும் கணவர் பொறுப்பில். கிதார்காரர் ஹெட்போனோடு வந்து, எந்தெந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டு அவள் போனில் ஏற்றிக் கொடுத்தார். தும்மியதால் நர்ஸ் அவரை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டாள்.

வார்டில் இரண்டாம் நாள் வலி ஏறியது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெட்போனின் ஒரு காதைத் தான் மாட்டிக்கொண்டு, கட்டில் கம்பியில் தாளம் போட்டாளாம். எதிர்க் கட்டில் அம்மாளுக்கு அந்தத் தாளம் பிடிக்காமல் புகார் சொல்ல, இரண்டு பேரும் வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறார்கள். வயிற்றில் தையல் இருக்கும்போது சிரிப்பதைவிடப் பெரிய வலி கிடையாது என்று மேஸ்திரி என்னிடம் புகார் பண்ணினாள். ஒரு மாதத்தில் வேலைக்கு வந்துவிட்டாள். மூட்டை தூக்க நாங்கள் விடுவதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் இப்போதும் மையத்துக்குப் போகிறாள். சனிக்கிழமைகளில் வேன்காரர் போகிறார். புதிதாக வரும் கணவன்மார்களுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமாம். போன வியாழன் பாட்டைத் தொடங்கும் வேலையை மேஸ்திரியிடம் கொடுத்திருக்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே உச்ச சுருதியில் எடுத்துவிட்டாளாம். கூடப் பாடியவர்கள் குரல் எட்டாமல் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். கிதார்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். மேஸ்திரி சுருதியைக் கொஞ்சம் கீழே இறக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாளாம்.